அட்ரினல் ஸ்லைடில் பழுப்பு நிறம் தெரிந்தால்

கோவையில் 22 ஆண்டுகளாகத் திசு ஸ்லைடு போடுகிறேன். கருவிலேயே இறந்த குழந்தையின் அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) வந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிடுவேன். பெற்றோர் அந்தத் துயரத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்த திசு அது. கெடுத்துவிட்டால் மறுபடி கேட்க முடியாது. அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஒரு புரதம், இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். ஏற்பியில் ஒட்டும் ஆன்டிபாடியை விட்டு நிறம் ஏற்றினால், ஏற்பி உள்ள இடம் பழுப்பாகத் தெரிய வேண்டும்.

அட்ரினல் சீக்கிரம் அழுகும். ஒரு சித்திரை மாதம், ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு பாட்டில் பஸ்ஸில் வந்தது. ஃபார்மலினுக்குப் பதில் சலைன் ஊற்றியிருந்தார்கள். நடுப்பகுதி கூழாகிவிட்டது. அன்றிலிருந்து நானே முன்கூட்டிப் போன் செய்கிறேன்: 10 சதவீத பஃபர் ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்கு.

4 மைக்ரானில் வெட்டுங்கள். ஏற்பியைத் தேடும் முன் ஒரு ஸ்லைடை வழக்கமான ஹெச் அண்ட் இ (ஹெமடாக்சிலின், இயோசின்) சாயத்தில் பாருங்கள். வெளி ஓரத்தில் சிறிய செல்கள் நெருங்கி நிற்பது நிரந்தர மண்டலம். உள்ளே பெரிய, இளஞ்சிவப்புச் செல்கள் நிறைந்தது சிசு மண்டலம். சுரப்பியின் பெரும்பகுதி இதுதான். இது சுரக்கும் டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற ஹார்மோன்தான் நஞ்சுக்கொடியில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பிறந்த சில மாதங்களில் இந்த மண்டலமே சுருங்கி மறைந்துவிடும். எந்த மண்டலம் என்று குறிக்காமல் 'பாசிட்டிவ்' என்று எழுதுவது சர்வே எண் இல்லாத பத்திரம் போன்றது. மூளை உருவாகாத குழந்தை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஹெச் போதாமல் சிசு மண்டலம் மெலிந்திருக்கும்.

இனி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா. 1996இல் கண்டறியப்பட்ட இது சிசு மண்டலத்தில் மிகுதி என்று படித்திருப்பீர்கள். அந்த எதிர்பார்ப்புதான் நம்மை ஏமாற்றும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஏற்பிக்கான 13 ஆன்டிபாடிகளைச் சோதித்து, ஒன்றை மட்டுமே நம்பத்தக்கது என்றது. பிபிஇசட்0506 என்பது அதன் பெயர். அலமாரியில் இருப்பது வேறு ஏதாவது என்றால், எத்தனை ஆண்டுப் பழக்கமானாலும் விட்டுவிடுங்கள். எனக்கும் மனம் வரவில்லை, ஆனாலும் விட்டேன்.

அட்ரினல் செல்களில் இயல்பாகவே பயோட்டின் என்ற வைட்டமின் உண்டு. பயோட்டினில் ஒட்டும் அவிடினைக் கொண்டு நிறம் ஏற்றும் முறையில் போட்டால் ஏற்பி இல்லாத இடமும் பழுப்பாகும். பயோட்டின் தேவைப்படாத பாலிமர் கிட் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கூடவே இந்த ஏற்பி உள்ள ஒரு விரை திசு ஸ்லைடும், முதல் ஆன்டிபாடி விடாத அட்ரினல் ஸ்லைடும் ஓட வேண்டும். முன்னது பழுப்பாகாவிட்டாலும் பின்னது பழுப்பானாலும் அன்றைய ஓட்டம் முழுவதும் செல்லாது.

பஃபருக்கு வாலைவடி நீர் மட்டுமே. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ஆகாது. ஆனால் உட்கருவுக்கு நிறமூட்டும் ஹெமடாக்சிலினுக்கு நீலம் ஏற்ற அதே உப்புத் தண்ணீர் நன்றாக உதவும். சிறுவாணித் தண்ணீரென்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் விடுவேன்.

பீட்டா ஏற்பியின் இடம் உட்கரு. பழுப்பு சைட்டோபிளாசத்தில் மட்டும் இருந்தால், நிறம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், 'நெகட்டிவ்' என்றே எழுதுங்கள்.