இயர்பட்ஸில் பேசினால் எதிர்முனைக்குச் சரியாகக் கேட்கவில்லையா?

பாட்டு துல்லியமாகக் கேட்கும். கால் வந்தால் மட்டும் "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்பார்கள். இயர்பட்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஏ2டிபி என்று ஒரு வழி, காலுக்கு எச்எஃப்பி என்று வேறொரு வழி. காலில் குரல் இரு பக்கமும் ஓட வேண்டியிருப்பதால் தரம் குறையும். குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு கோடெக் என்று பெயர். பழைய சிவிஎஸ்டி கோடெக்கில் குரல் நொடிக்கு 8,000 முறைதான் அளந்து எடுக்கப்படும், அதற்குப் பின் வந்த எம்எஸ்பிசி கோடெக்கில் 16,000 முறை. அந்த அளவு மங்கலை எந்த செட்டிங்கும் முழுதாகப் போக்காது. அதற்கு மேல் கெட்டிருந்தால் சரிசெய்யலாம்.

முதலில், எந்த மைக் வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள். வாய்ஸ் ரெக்கார்டரை நம்பாதீர்கள். பல ரெக்கார்டர் ஆப்கள் இயர்பட்ஸ் இணைந்திருந்தாலும் போனின் மைக்கில்தான் பதியும். தெரிந்தவருக்கு கால் போட்டு, வலது பட்ஸின் மைக் துளையருகே நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அடுத்து இடது. கடைசியாக, போனின் அடிப்பக்கம். எதைச் சுரண்டும்போது அவருக்குக் கரகரவென்று பெரிதாகக் கேட்கிறதோ, அந்த மைக்தான் ஓடுகிறது.

போனின் மைக் என்றால் கோளாறு செட்டிங்ஸில். கால் திரையில் ஆடியோ பட்டனைத் தொட்டு ப்ளூடூத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே கதை என்றால், ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் பெயருக்கு அருகிலுள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். 'போன் கால்ஸ்' அணைந்திருந்தால் போடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டச், கால் ஆடியோ ரூட்டிங் என்று போய் 'ப்ளூடூத் ஹெட்செட்' வையுங்கள். வாட்ஸ்அப் காலில் மட்டும் தகராறு என்றால் அந்த ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இயர்பட்ஸ் லேப்டாப்போடும் இணைந்திருந்தால், சோதித்து முடிக்கும்வரை அங்கே ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள்.

பட்ஸின் மைக்கே ஓடியும் குரல் அமுங்கினால் பெரும்பாலும் அழுக்குதான். தண்டு வைத்த மாடல்களில் பேச்சு மைக் பொதுவாகத் தண்டின் அடிநுனியில் இருக்கும். வியர்வையும் தூசியும் சேர்ந்து அதன் வலையை அடைத்துவிடும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம்: வலை கிழிந்தால் உள்ளே இருக்கும் மைக்கும் போகும். திரவத்தைத் துளைக்குள் விடுவதும் தப்பு. காதில் போடும்போது தண்டு வாயைப் பார்த்து இருக்கட்டும். பின்பக்கம் திரும்பியிருந்தால், இரைச்சலை வடிகட்டும் வசதி உங்கள் குரலையே இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும்.

குரல் விட்டு விட்டுப் போனால் அது சிக்னல் சிக்கல். உடம்பு ப்ளூடூத் அலையை நன்றாகவே தடுக்கும். போனைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரீசெட். போனில் 'ஃபர்கெட்' கொடுத்து, நிறுவனம் சொல்லும் முறையில் ரீசெட் செய்து, மறுபடி இணையுங்கள். அவர்களுடைய ஆப்பில் ஃபர்ம்வேர் (இயர்பட்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள்.

அப்போதும் ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால், அதைக் கேஸிலேயே விட்டு மற்றதை மட்டும் போட்டுப் பேசுங்கள். பெரும்பாலான மாடல்களில் மைக் தானாக அதற்கு மாறும். ஏர்பாட்ஸில் எந்தப் பக்க மைக் வேண்டும், இடதா வலதா என்று நீங்களே நிலையாக வைக்கலாம். வாரண்டி இருந்தால் பிரித்துப் பார்க்காமல் அப்படியே சர்வீஸுக்குக் கொடுங்கள்.