ஒரு மரம், ஓர் ஆள், கொஞ்சம் மை

ஆங்கில ஓவியர் ஜான் கிராக்ஸ்டன் 1942இல் வரைந்த ‘நிலக்காட்சியில் கனவு காண்பவர்’ லண்டன் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. மையும் சாக்குக்கட்டியும்தான். போர்க்காலம், அவருக்கு வயது இருபதைத் தொடவில்லை. கண்மூடிய ஓர் ஆள், சுற்றிலும் முறுக்கேறிய செடிகள். எனக்கு அதில் பிடித்தது, ஆளும் செடியும் ஒரே கையெழுத்தில் இருப்பது. அதைத்தான் இன்று பழகப்போகிறோம்.

தொட்டு வரையும் நிப் பேனா, கறுப்பு இந்தியன் இங்க், 200 ஜிஎஸ்எம் (தாளின் எடையளவு) வழவழப்புத் தாள், பென்சில், அழிப்பான், தூரிகை, கந்தல் துணி போதும். இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

முதலில் பென்சிலால், தாளின் கீழ்ப்பாதியில் உட்கார்ந்திருக்கும் ஆளை லேசாகக் குறியுங்கள். தலைக்கு ஒரு முட்டை, முதுகுக்கு ஒரு வில், மடக்கிய முழங்காலுக்கு ஒரு முக்கோணம். நிற்கும் ஆள் வேண்டாம். பாதம் வரைவதற்குள் பாதி ஆசை போய்விடும். அப்புறம் முதுகு வளையும் பக்கமே வளைகிற மாதிரி பின்னால் ஒரு மரம்.

இப்போது மை. நிப்பைப் பாதி மட்டும் தோய்த்து, புட்டி விளிம்பில் ஒருமுறை வழித்துவிடுங்கள். கோட்டை எப்போதும் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் முனை தாளைக் கீறி மை தெறிக்கும். அதனால் கைக்கு வாகாகத் தாளைத் திருப்பிக்கொண்டே இருங்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும்.

ஆளின் வெளிக்கோட்டை மையால் வரையவே வேண்டாம். முதுகுக்குப் பின்னால் இருக்கிற மரப்பட்டையை நெருக்கமான கோடுகளால் இருட்டாக்குங்கள். கோடுகள் முதுகை எட்டியதும் நிறுத்துங்கள். வெள்ளையாக மிஞ்சுவதுதான் ஆள். தூரத்துக் குன்றுக்கு மெல்லிய கோடு நாலைந்து போதும்.

வலக்கைக்காரர்கள் இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான் வலப்பக்கம் தொடங்கி, சட்டைக் கை பட்டு ஈர மையை இழுத்துவிட்டேன். அந்தக் கறை இப்போது ஒரு பாறை.

நன்றாகக் காய்ந்ததும் பென்சிலை அழித்துவிட்டு, தண்ணீர் கலந்த மையை நிழல் பக்கம் மட்டும் தூரிகையால் பூசலாம். பயப்படாமல் இருட்டாக்குங்கள். கிராக்ஸ்டனை ஈர்த்த ஆங்கில ஓவியர் சாமுவேல் பால்மரின் 1825ஆம் ஆண்டு செபியா (பழுப்பு நிற) ஓவியங்கள் ஆக்ஸ்ஃபர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இருட்டு எவ்வளவு தாங்கும் என்று அவற்றில் பார்க்கலாம்.

முகம் கடைசியில். மூடிய கண்ணுக்கு ஒரு சிறு வளைகோடு, அவ்வளவுதான். கையோடு நிப்பைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.