பல லேன் சுங்கச்சாவடியில் டேக் ரீடர்களை அமைப்பது எப்படி?

நான்கு லேன், லேனுக்கு ஒரு யூஎச்எஃப் ரீடர் (வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் கருவி), ஒரு ஆன்டெனா, வண்டி வந்ததைச் சொல்லத் தரையில் ஒரு லூப் சுருள் என்று வைத்துக்கொள்வோம். டேக் படிக்காவிட்டால் வண்டி நிற்கும், ஊழியர் பார்த்துக்கொள்வார். பக்கத்து லேன் டேக்கைப் படித்துவிட்டால் தவறான ஆளின் கணக்கில் பணம் கழியும். அதைத் தடுக்கத்தான் இங்கே அதிகம் மெனக்கெட வேண்டும்.

படி 1: முகவரியும் மின்சாரமும்

ரீடர்களுக்கு நிலையான ஐபி கொடுங்கள்: லேன் 1க்கு 192.168.10.11, லேன் 2க்கு 192.168.10.12 என்று கடைசி இலக்கம் லேன் எண்ணாகவே இருக்கட்டும். தானியங்கி முகவரியில் விட்டால், மின்தடைக்குப் பிறகு முகவரிகள் இடம் மாறி, லேன் 2இன் பதிவு லேன் 3இல் விழலாம். ஸ்விட்ச் போர்ட் 30 வாட் பிஓஇ பிளஸ் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) தருகிறதா பாருங்கள். 15.4 வாட் போர்ட்டில் சில ரீடர்கள் முழுத் திறனில் ஓடும்போது ரீபூட் ஆகும். ரீடரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எல்ஆர்பி நெறிமுறை டிசிபி 5084 போர்ட்டில் மறையாக்கம் இல்லாமல் ஓடுவது. ஆகவே ரீடர்களைத் தனி விலேனில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள்.

படி 2: கடிகாரம்

எல்லா ரீடர்களும் சர்வரும் ஒரே என்டிபி மூலத்தை (நெட்வொர்க் வழியே நேரம் சொல்லும் சர்வரை) பார்க்கட்டும். இதைத் தள்ளிப்போட்டால் படி 5 வேலை செய்யாது.

படி 3: ஆன்டெனாவும் திறனும்

கேபிளை மாட்டாமல் எந்த போர்ட்டிலும் ஒலிபரப்பைத் தொடங்காதீர்கள். திரும்பி வரும் ஆற்றல் ரீடரைக் கெடுக்கும். ஆன்டெனாவை லேனின் நடுவில், சுமார் 5.5 மீட்டர் உயரத்தில், வரும் வண்டியை நோக்கிக் கீழே சாய்த்துப் பொருத்துங்கள். சாய்வு போதாவிட்டால் பின்னால் நிற்கும் வண்டியும் படிபடும்.

திறனைக் கணக்குப் போட்டே வையுங்கள். ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் திறனுக்குச் சட்ட வரம்பு 36 டிபிஎம் (திறனின் அலகு), ஆன்டெனா அலையைக் குவிப்பதால் கூடும் அளவு 8 டிபிஐ, 10 மீட்டர் தடித்த கேபிளில் இழப்பு 1.3 டிபி என்றால், ரீடரில் அதிகபட்சம் 36 − 8 + 1.3 = 29.3 டிபிஎம். இது உச்சவரம்பு மட்டுமே. 24 டிபிஎம்மில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றி, சொந்த லேனில் தவறாமல் படிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

படி 4: செஷன்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தான் படிக்கப்பட்டதை டேக் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பே செஷன். எஸ்0, எஸ்1 என்பவை அதன் வகைகள். எஸ்1இல், ஒருமுறை படிக்கப்பட்ட டேக் அதை 0.5 முதல் 5 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். பக்கத்து லேன் ஆன்டெனா முந்திக்கொண்டால், ஒற்றை இலக்கில் (இன்னும் படிக்கப்படாத டேக்குகளை மட்டும்) தேடும் உங்கள் ரீடருக்கு அது பதிலே சொல்லாது. 40 கிமீ வேகத்தில் வரும் வண்டி 4 மீட்டர் படிப்புப் பரப்பை 0.36 நொடியில் கடந்துவிடும், காத்திருக்க நேரமில்லை. எனவே ரீடரின் அலை நின்றதும் நினைவை இழக்கும் எஸ்0, படித்த டேக், படிக்காத டேக் இரண்டையும் தேடும் இரட்டை இலக்கு. அப்போது ஒரே டேக் பலமுறை பதிவாகும். நமக்கு வேண்டியது அதுதான். ரீடர்கள் நெருக்கமாக இருப்பதால் டேக் பதிலைக் குறியாக்கும் முறைகளில் மில்லர் 4ஐத் தேர்ந்தெடுங்கள்: வேகம் குறையும், குறுக்கீட்டைத் தாங்கும்.

படி 5: சர்வரின் தீர்ப்பு

ரீடர் தந்ததும் பணம் கழிக்காதீர்கள். ஒரே டேக்கின் பதிவுகளை எல்லா லேன்களிலிருந்தும் 500 மில்லிநொடி சேர்த்து, எந்த லேனின் லூப் அந்நேரம் வண்டியைக் கண்டது, எங்கே அதிகமுறை பதிவானது, எங்கே சிக்னல் வலுவாக இருந்தது என்று இந்த வரிசையில் பாருங்கள். சிக்னலை மட்டும் நம்பினால் லாரியின் பக்கவாட்டுத் தகடு ஏமாற்றிவிடும். அதில் எதிரொலித்த அலை சிலவேளை நேர் அலையைவிட வலுவாக வரும்.

படி 6: சோதனை

டேக் ஒட்டிய வண்டியை லேன் 2இல் நிறுத்தி, லேன் 1, 3 பதிவேடுகளைப் பாருங்கள். அங்கே அந்த எண் தொடர்ந்து வந்தால் முதலில் சாய்வைத் திருத்துங்கள், அடுத்து திறனைக் குறையுங்கள். பிறகு நான்கு லேனிலும் ஒரே நேரத்தில் வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். தனித்தனியாகச் சரியாக இருந்தவை சேர்ந்து ஓடும்போதுதான் இடறும்.

ஒரு குறிப்பிட்ட வண்டி மட்டும் படிபடவில்லையா? முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கலாம். திறனை ஏற்றினால் பக்கத்து லேன்தான் கெடும். பூச்சில்லாத பகுதிக்கு டேக்கை மாற்றுங்கள்.

எல்லாம் சரியானதும் ஒவ்வொரு ரீடரின் அமைப்பையும் கோப்பாக ஏற்றுமதி செய்து லேன் எண்ணுடன் சேமியுங்கள். பழுதான ரீடரை மாற்றும் நாளில் அந்தக் கோப்புதான் தேவைப்படும்.