மொரிஸ் மைனர் பிரேக்: ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க

மொரிஸ் மைனர் 1000இல் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினால், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தேடி பொனட்டைத் திறக்காதீர்கள். அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாததால்தான் பலர் ஒயில் மட்டமே பார்ப்பதில்லை. விரிப்பை விலக்கி, மூடியைச் சுற்றியுள்ள துருத்தூளைத் துடைத்த பிறகே திறந்தேன்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். கொழும்புப் புழுக்கத்தில் வருடக்கணக்காக ஓடாமல் நின்ற கார் என்றால் சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்திருக்கலாம். குழி நகத்தில் தட்டுப்பட்டால் உள்ளிருக்கும் ரபர்களை மட்டும் மாற்றும் ரபர் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது ரபரை நசித்துப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் பழைய சரக்கு.

மிதியைப் பஞ்சாக்கும் காற்றைக் குழாய்களிலிருந்து எடுக்குமுன், சில்லுகளிலுள்ள பிரேக் அட்ஜஸ்டர்களை இறுக்கினேன், முடிந்ததும் சில்லு சுழலத் தளர்த்தினேன். தொடக்கம் பின் இடப்பக்கச் சில்லு. நண்பர் மிதித்துப் பிடிக்க, நான் சில்லின் பின்னால் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூடினேன். “மூடியாச்சு” என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று மறுபடி உள்ளே போகும். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் டொட் 4 ரகப் பிரேக் ஒயில் ஊற்ற வேண்டும்.

மிதிக்குச் சற்று வெறும் அசைவு விடுங்கள். இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை அடைபட்டு, சூடேறியதும் பிரேக் தானாகப் பிடிக்கும்.