பாறைப் பழுப்புக்குள் பச்சையம்: டயாட்டம் நிறமிகளைப் பிரிக்கும் முறை

உவரி, இடிந்தகரைப் பக்கம் கடல் வற்றும்போது வெளிப்படும் பாறைகளில், கால் வைத்தால் வழுக்கும் பழுப்புப் படலம் படிந்திருக்கும். டயாட்டம் எனும் ஒருசெல் பாசிகள் அதில் மிகுதி. பச்சையம் இருந்தும் அவை பழுப்பாகத் தெரிவதற்கு ஃபியூகோசாந்தின் என்ற நிறமியே காரணம். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று, படலத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டிக் கடல்நீரோடு குப்பியில் சேருங்கள். வெளிச்சமும் வெப்பமும் நிறமிகளைச் சிதைக்கும் என்பதால் குப்பியைக் கருந்துணியில் சுற்றுங்கள்.

மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை வடிதாளில் வடித்து, தாளில் தங்கும் படலத்தின் ஈரத்தை வேறு தாள்களால் அழுத்தி ஒற்றியெடுங்கள். இதில் அவசரம் கூடாது. நீர் மிகுந்தால், நிறமிகளைக் கரைத்தெடுக்கப் பின்பு சேர்க்கும் அசிட்டோன் பச்சையத்தைச் சரிவரக் கரைக்காது.

சிறிதளவு படலத்தைத் தனியே எடுத்து வெந்நீரில் இடுங்கள். பழுப்பு மங்கிப் பச்சை தலைகாட்டும். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். உயிருள்ள செல்லில் ஃபியூகோசாந்தின் புரதத்தோடு பிணைந்திருப்பதால் நீல ஒளியோடு பச்சை ஒளியையும் உறிஞ்சுகிறது. சூடு அந்தப் பிணைப்பை உடைத்ததும் பச்சை ஒளியை உறிஞ்சும் திறன் குறைந்துவிடுகிறது. சிவப்பு ஒளியைக் கடல்நீர் முதல் சில மீட்டர்களிலேயே பெரிதும் உறிஞ்சிவிடுவதால், ஆழத்திலும் எஞ்சும் நீலத்தையும் பச்சையையும் பயன்படுத்தும் இந்த நிறமி டயாட்டம்களுக்குப் பெரும் துணை.

மீதிப் படலத்தைச் சுத்தமான மணலோடு கல்வத்தில் அரைத்து, 5 மி.லி. அசிட்டோன் சேர்த்து, மூடி, இருட்டில் வைத்து, பின்பு வடிகட்டுங்கள். அருகில் தீ இருக்கவே கூடாது.

வடிதாள் பட்டையில், அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடிட்டு, நுண்குழாயால் ஒரே இடத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, சாற்றைப் பொட்டாக இடுங்கள். பெட்ரோலியம் ஈதர் 9 பங்கு, அசிட்டோன் 1 பங்கு கலந்த மூடிய ஜாடியில், பொட்டு நனையாதபடி பட்டையை நிறுத்துங்கள். மஞ்சள் கரோட்டீன் உச்சிக்கு ஏறும்; பச்சையத்தின் ஒரு வகையான பச்சையம் சி கோட்டருகே தங்கும்; இன்னொரு வகையான பச்சையம் ஏ, ஆரஞ்சு சாயலுள்ள ஃபியூகோசாந்தின் ஆகியவை இடையில் நிற்கும். மிஞ்சிய சாற்றின்மேல் இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் பச்சையம் சிவப்பாக ஒளிரும்.

மன்னார் வளைகுடாவில் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசிக்கு இம்முறை முழுமையாகப் பயன்படாது. அதன் பைக்கோஎரித்ரின் அசிட்டோனில் அல்லாமல் நீரில் கரையும் நிறமி. செல்களை நீரோடு உறையவைத்து, இருட்டில் இளகவிட்டு, அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நிறமி நீரில் இறங்கும்.