முதியவருக்குப் புது மாத்திரை எழுதுமுன் பையைக் கொட்டிப் பாருங்கள்

ராமநாதபுரம் கரையில் மண்டபமோ தொண்டியோ, ஓ.பி.க்கு வரும் பெரியவரிடம் முதலில் கேட்க வேண்டியது மருந்துப் பை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்தது, தனியார் டாக்டர் எழுதியது, மெடிக்கலில் வலிக்கு வாங்கியது, நாட்டு மருந்து எல்லாமே மேசைக்கு வரட்டும். அட்டையின் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். சர்க்கரைக்கு அரசு தந்த மெட்ஃபார்மினும், கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்து கலந்த மெட்ஃபார்மினும் ஒரே பையில் கிடக்கும். நிறம் வேறு என்பதால் அவர் இரண்டையும் விழுங்குவார். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "காலையில எது எது போடுறீங்க ஐயா, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

அடுத்து, வந்த தொந்தரவே மாத்திரையால் வந்ததா என்று பாருங்கள். கால் வீங்கியிருக்கிறது, பிரஷருக்கு அம்லோடிபின் 10 மி.கி. ஓடுகிறது, இதயமும் சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருந்தால் அளவை 5 ஆக்குங்கள். இந்த வீக்கம் ஃப்ரூஸ்மைடு என்ற நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வடியாது. அதைக் கொடுத்தால் தலைசுற்றலும் இரவில் எழுந்து விழுவதும்தான் மிச்சம்.

இந்தக் கரையில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது மூட்டுவலி மாத்திரை. வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும், பிரஷர் மாத்திரையான எனலாப்ரில் ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும், நீர் மாத்திரை ரத்த அளவையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இருக்காது. சித்திரை வெயிலில் வியர்த்து ஓய்ந்தவருக்கு ஆபத்து இன்னும் கூடும். வலிக்குப் பாராசிட்டமால், நாளுக்கு 2 முதல் 3 கிராமுக்குள். வாந்தி பேதி வந்தால் எனலாப்ரில், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் மூன்றையும் நிறுத்தி, சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்கிய ஓரிரு நாளில் தொடங்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1 என்றால் நார்மல் என்று நகராதீர்கள். 78 வயது, 42 கிலோ பாட்டிக்கு: 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 × 1.1ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால், சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்குச் சுமார் 28 மி.லி.தான். அவருக்குப் பிரஷர் மாத்திரையான அடினலால் நாளுக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு வேண்டவே வேண்டாம். உடலில் தங்கிச் சர்க்கரையை மணிக்கணக்கில் இறக்கும், வீட்டார் அதை மூப்பின் தடுமாற்றம் என்று நினைப்பார்கள். கீழக்கரைப் பக்கம் நோன்பு வைக்கும் பெரியவர்களுக்கு ரமலானுக்கு முன்பே சர்க்கரை மருந்தை மாற்றியமையுங்கள்.

பிரஷரை 5 நிமிடம் படுக்கவைத்தும், எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களிலும் பாருங்கள். நின்றபின் மேல் அளவு 20 குறைந்தால் பிரஷர் மருந்தைக் கூட்டக் கூடாது.

நிறுத்துவதானால் ஒரு நேரத்தில் ஒன்று. அடினலால், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம் இரண்டையும் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாக இறக்குங்கள். சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே "பிரஷருக்கு, காலை" என்று தமிழில் எழுதி, நிறுத்திய அட்டையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்குப் போனால் அது மறுபடி வாய்க்குள் போகும்.