ஃபெரோ, துலி, லாத்தும்: லத்தீனின் ஒரு முரட்டு வினை

லத்தீன் அகராதியில் 'சுமத்தல்' என்ற வினை இப்படி நிற்கும்: ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ரே (சுமக்க), துலி (சுமந்தேன்), லாத்தும் ('சுமக்கப்பட்ட' போன்றவற்றுக்கு அடி). நம் 'வா'வும் வருகிறேன், வந்தேன் என்று வளையும்தான். ஆனால் வகரத்தை விடாது. இதுவோ தலையெழுத்தையே மாற்றிக்கொள்கிறது.

படி 1: மனப்பாடம் செய்யும் முன் ஒரு கொக்கி மாட்டுங்கள். இங்கே பழைய வேர்கள் இரண்டு ஒரே வினையாகிவிட்டன. ஃபெரோவின் வேரிலிருந்துதான் சமஸ்கிருதம் வழியாக நமக்குப் 'பாரம்' வந்தது. துலியின் வேரிலிருந்து 'துலாம்', அதாவது தராசு. லாத்தும் துலியின் உறவு. முன்னால் இருந்த தகரம் உதிர்ந்துவிட்டது. பாரம், துலாம். இந்த இரண்டு சொல் போதும்.

படி 2: நிகழ்காலம். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்த்திஸ், ஃபெருன்த். இதே வகையைச் சேர்ந்த வேறொரு வினையில் 'ஆள்கிறாய்' என்பதற்கு ரெகிஸ் என்று இகரம் வரும். ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்த்திஸ் மூன்றிலும் அது கிடையாது. இங்கே ஒரு பொறி: ஃபெர்ஸ் என்றால் 'சுமக்கிறாய்', நடுவில் ஏகாரம் நுழைந்து ஃபெரேஸ் ஆனால் 'சுமப்பாய்'. நான் பலமுறை விழுந்த குழி இது. ஏவல் வெறும் 'ஃபெர்'.

படி 3: இறந்தகாலம். துலி, துலிஸ்தி, துலித். வேர்தான் புதிது, விகுதிகள் எல்லா வினைக்கும் உள்ளவையே.

படி 4: பொருள். சுவையே இங்கேதான். 'அக்வாம் ஃபெரோ' என்றால் தண்ணீர் சுமக்கிறேன். 'தொலோரெம் ஃபெரோ' என்றால் வலியைத் தாங்குகிறேன். பாரத்தையும் வலியையும் நாமும் ஒரே 'தாங்கு'வால்தானே சொல்கிறோம்? மரம் பழம் தருவதற்கும், வழி ஊருக்குப் போவதற்கும்கூட 'ஃபெர்த்' வரும். ரோமில் ஒரு சட்டத்தை மக்கள் முன் வைப்பது 'லேகெம் ஃபெர்ரே'. எழுவாய் இல்லாமல் 'ஃபெருன்த்' தனியாக நின்றால், பெரும்பாலும் 'என்று சொல்வார்கள்' என்று பொருள். பழங்கதைகளில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். சுமை எங்கே என்று தேடாதீர்கள்.

படி 5: முன்னொட்டு. 'அப்பால்' எனப் பொருள்படும் 'த்ரான்ஸ்' சேர்ந்தால் த்ரான்ஸ்ஃபெரோ, த்ரான்ஸ்லாத்தும். வேலையில் வரும் டிரான்ஸ்ஃபரும் நூலுக்குச் செய்யும் டிரான்ஸ்லேஷனும் ஒரே வினையின் இரண்டு வேர்கள்! 'ரெ' சேர்த்து அதே இரண்டு வடிவங்களை எழுதிப் பாருங்கள்: ரெஃபர் ஒரு பக்கம், ரிலேட் மறுபக்கம் வரும்.